ரோட்ல அடிபட்டு செத்த முயலை கோழிக்கு போடலாமா?

பெட்டைப்பிரியன்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் கோழி வச்சிருக்கேன், எல்லாம் முட்டைக்குத்தான், வெட்டுறதுக்கு இல்ல. இப்ப எல்லாமே ஒரே நேரத்துல இறகு கொட்டிட்டு பாக்கவே பாவமா நிக்குதுங்க, முட்டையும் நின்னு போச்சு. இந்த சமயத்துல புரோட்டீன் நிறைய குடுக்கணும்னு எங்க கேட்டாலும் சொல்றாங்க. நான் வேலைக்கு போற ரோட்ல வண்டில அடிபட்டு முயல் கிடக்கும், சில நேரம் மான்கூட கிடக்கும். காலைல போறப்ப இல்லாத முயல் ஒண்ணு சாயங்காலம் திரும்பறப்ப கிடந்துச்சு, அப்ப சில மணி நேரத்துக்குள்ள செத்ததுதானேன்னு எடுத்துட்டு வந்து பைல சுத்தி ஃப்ரீசர்ல போட்டுட்டேன் (வீட்ல இன்னும் யாருக்கும் தெரியாது).

இதை அப்படியே பச்சையா போடலாமா, வேகவச்சு போடணுமா? கறி ருசி கண்டுட்டா ஒண்ண ஒண்ணு கொத்தி திங்க ஆரம்பிச்சிடும்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு, அது நெஜமா? இன்னொருத்தர் வேட்டைக்கு போறவரு, குடல் ஈரல் கழிவெல்லாம் தர்றேன்னு சொல்றாரு. அப்புறம் ஓட்டை போட்ட வாளில கறிய போட்டு தொங்கவிட்டா புழு தானா கீழ விழும், கோழி பொறுக்கி தின்னுக்கும்னு வீடியோ பாத்தேன், அது எப்படி? தீவனச் செலவும் குறையும்ல, அதுக்காகவும்தான் கேக்குறேன்.

சேவல்கூவி:
இதுக்கு எதுக்கு ப்ரோ இவ்ளோ யோசனை. கோழி எலிய புடிச்சு திங்கும், தவளைய திங்கும், பல்லிய துரத்திட்டு ஓடும். அது ஒண்ணும் சைவம் இல்ல. வெட்டி போடுங்க, மிச்சம் வைக்காம தின்னுடும். நான் எத்தனையோ தடவ போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல.

கூண்டுக்காரி:
கோழி கறி திங்குமாங்கிறது கேள்வியே இல்ல, அது எதையும் திங்கும், தெர்மாகோலக்கூட கொத்தி திங்கும். எலிய உயிரோட புடிச்சு திங்கிறதும் எப்ப செத்துச்சுன்னு தெரியாத ஒண்ண திங்கிறதும் ஒண்ணு இல்ல. நான் நோய்வாய்ப்பட்ட பறவைங்க வர்ற எடத்துல வேலை பாத்தவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல் பயம் பாட்டுலிசம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரு பாக்டீரியா, அதோட ஸ்போர் (விதை மாதிரி தூங்கிக்கிட்டிருக்கிற நிலை) மண்ல, சேத்துல, மிருகங்களோட குடல்ல சாதாரணமாவே இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ஒரு மிருகம் செத்து உள்ள காத்து இல்லாம, சூடா, ஈரமா, புரோட்டீன் நிறைஞ்ச எடமா ஆனதும் அது முளைச்சு விஷத்தை உண்டாக்கும். பறவைங்களுக்கு அதிகமா வர்றது சி டைப். நரம்புக்கும் தசைக்கும் நடுவுல சிக்னல் போறத அந்த விஷம் நிறுத்திடும். மொதல்ல கால் தள்ளாடும், உக்காந்தே இருக்கும், அப்புறம் றெக்கை தொங்கும், அப்புறம் கழுத்து துவண்டு தரைல கிடக்கும், கண் இமை பாதி மூடின மாதிரி இருக்கும். அறிவு மட்டும் தெளிவாவே இருக்கும், அதான் பாக்க கொடுமை. கடைசில மூச்சு விடுற தசையும் நின்னுடும். இறகை லேசா இழுத்தாலே கையோட வந்துடும், உங்க கோழி இப்ப இறகு கொட்டுற நேரம் வேற, அதை வச்சு கண்டுபிடிக்கவும் முடியாது. தின்ன சில மணி நேரத்துலயும் வரலாம், ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சும் வரலாம். கொஞ்சமா தின்னதுக்கு தண்ணி குடுத்து நிழல்ல வச்சு பாத்துக்கிட்டா பொழைக்கிறது உண்டு, நிறைய தின்னதுக்கு பெருசா ஒண்ணும் செய்ய முடியாது.

இப்ப அந்த புழு வாளி. ஈப்புழுவுக்கு அந்த விஷம் ஒண்ணுமே பண்ணாது. அழுகின கறிய தின்னு விஷத்தை தன் உடம்புல சேத்து வச்சுக்கிட்டு ஜாலியா நெளிஞ்சுக்கிட்டிருக்கும். கோழி அதைப் பொறுக்கும். கோழி செத்தா அந்தக் கோழி மேலயும் புழு வைக்கும், அதை அடுத்த கோழி திங்கும். ஏரில வாத்துங்க கூட்டம் கூட்டமா சாகுறதுக்கு பின்னாடி இருக்கிறதும் இதே சுழற்சிதான். அதனால வாளி வேண்டவே வேண்டாம்.

புழுவாளி:
அக்கா, நான் வாளி வச்சு ரொம்ப காலமா பண்றேன், ஒரு கோழியும் கழுத்து தொங்கல. மேல வைக்கோல் போட்டு காத்தோட்டமா வச்சா காத்தில்லாம போற பிரச்னையே வராது. புழு கீழ விழுந்தப்புறம் தவிட்டுக்குள்ள ரெண்டு நாள் இருந்தா குடல் காலி பண்ணிடும், அப்புறம் போடலாம். பயமுறுத்தாதீங்க, ஈப்புழு மாதிரி சத்தான தீனி எதுவும் இல்ல.

கூண்டுக்காரி:
தம்பி, வைக்கோல் போட்டா வாளிக்குள்ள காத்து போகும், சரி. ஒரு தொடைக்கறித் துண்டோட நடுவுல காத்து எப்படி போகும்? காத்து இல்லாத எடம் கறிக்குள்ளதான் இருக்கு, வாளிக்குள்ள இல்ல. குடல் காலி பண்ண வைக்கிறது விஷத்தோட அளவை குறைக்கலாம், ஆனா எவ்ளோ குறைஞ்சுச்சுன்னு உங்களாலயும் என்னாலயும் அளக்க முடியாது. ஒரு கோழியை சாய்க்க கொஞ்சம் புழுவே போதும். உங்களுக்கு இதுவரை வரல, சந்தோஷம். எல்லா சடலத்துலயும் விஷம் உண்டாகாது, அதனாலதான் நிறைய பேருக்கு வருஷக்கணக்குல ஒண்ணும் ஆகாம ஓடும், ஒரு நாள் வந்தா கூட்டத்துல பாதி போயிடும்.

புழுதான் வேணும்னா கறுப்பு சோல்ஜர் ஈயோட புழுவ வளத்துங்க. காய்கறிக் கழிவு, பழத்தோல், ஊறின தானியம் போதும், கறியே தேவையில்ல. காஞ்ச எடைல ஏறக்குறைய 40 சதவீதம் புரோட்டீன், கால்சியமும் மத்த புழுவவிட ரொம்ப அதிகம். வளந்த ஈ எதுலயும் வாயே வைக்காது, வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டுல வந்து உக்காராது.

தீனிப்பை:
நடுவுல பூந்து கேக்குறேன், வேகவச்சா அந்த விஷம் போயிடாதா?

கூண்டுக்காரி:
போகும். விஷம் சூடு தாங்காது, நடுப்பகுதி வரைக்கும் 85 டிகிரி செல்சியஸ்ல அஞ்சு நிமிஷம் இருந்தாலே செயலிழந்துடும், அதனால நல்லா கொதிக்க வச்சா விஷம் ஒழிஞ்சுடும். ஸ்போர்தான் போகாது, அதை சாகடிக்க 121 டிகிரி வேணும், அதாவது பிரஷர்ல வேகவைக்கணும். சாதாரணமா கொதிக்க வச்ச கறிய வெளில ஆற விட்டு மறுநாள் வரைக்கும் தட்டுல போட்டு வச்சா திரும்ப முளைக்கும். ஃப்ரீசர் இது எதையும் சாகடிக்காது, அப்படியே தூங்க வைக்கும், அவ்ளோதான்.

மயில்துத்தம்:
எல்லாரும் பாக்டீரியாவையே புடிச்சுக்கிட்டிருக்கீங்க, வேகவச்சாலும் போகாத விஷயத்துக்கு யாரும் வரலையே. எனக்கு அதுதான் பெரிய கவலை.

மொதல்ல வேட்டைக் கழிவு. ஈயக் குண்டால சுட்ட மிருகம்னா அதோட குடல் ஈரல் பக்கமே போகாதீங்க. வேகமா போற ஈயக் குண்டு உடம்புல பட்டதும் பொடிப்பொடியா செதறும், கண்ணுக்கே தெரியாத துணுக்கு காயத்துல இருந்து ஒரு அடி தள்ளிகூட கிடக்கும், எக்ஸ்ரே எடுத்தாதான் தெரியும். கோழிக்கு பல் கிடையாது, சின்னக் கல்லு முழுங்கி அரைவைப்பைல வச்சுத்தான் அரைக்குது. ஈயத் துணுக்கையும் கல்லு மாதிரி அங்கயே புடிச்சு வச்சுக்கும், ஆசிட்ல ஊற ஊற கல்லோட கல்லா தேய்ஞ்சு ரத்தத்துல கலந்துக்கிட்டே இருக்கும். இதுல மோசம் என்னன்னா கோழி வெளில பாத்தா நல்லாத்தான் இருக்கும். ஈயம் எலும்புல போய் தங்கும், முட்டை ஓடு போடுறதுக்கு கோழி எலும்புலேர்ந்து கால்சியம் எடுக்கும்ல, அப்ப ஈயமும் சேந்து வெளிய வரும், மஞ்சக்கருவுலயும் வரும். அந்த முட்டைய திங்கிறது உங்க வீட்டு குழந்தைங்க. கலிபோர்னியா காண்டார்னு செத்ததத் தின்னு வாழ்ற ஒரு பெரிய பறவை, 1982ல உலகத்துலயே 22தான் மிச்சம் இருந்துச்சு, புடிச்சு வளத்து திரும்ப காட்டுல விட்டாங்க, இன்னிக்கும் அதை அதிகமா கொல்றது வேட்டையாடி விட்டுட்டு போன மிச்சத்துல இருக்கிற ஈயம்தான். செம்புக் குண்டு போடுறவரா இருந்தா இந்தப் பிரச்னை இல்ல, கேட்டுப் பாருங்க.

ரெண்டாவது எலி மருந்து. ப்ரோடிஃபேகூம், ப்ரோமாடியோலோன் மாதிரி ரத்தம் உறைய விடாத மருந்து ஈரல்ல மாசக்கணக்குல தங்கும். அதைத் தின்ன எலிய தின்ன நரி, பூனை, ஆந்தை எல்லாத்துலயும் இருக்கும். வண்டில அடிபட்டுச்சுன்னு பாத்த உடனே காரணம் தெரிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறோம். அது ஏன் பகல்ல தள்ளாடிட்டு நடு ரோட்டுக்கு வந்துச்சுன்னு யாருக்கு தெரியும்? விஷம் தின்னதும் காய்ச்சல் வந்ததும்தான் வண்டி வந்தாலும் ஓட முடியாம நிக்கும்.

மூணாவது மருந்து குடுத்து தூங்க வச்ச மிருகம். குதிரை, நாய், மாடு எதையாவது ஊசி போட்டு சாகடிச்சிருந்தா அந்த ஊசி மருந்து பென்டோபார்பிட்டால் வேகவச்சாலும் போகாது, மண்ல புதைச்சாகூட மாசக்கணக்குல அப்படியே இருக்கும். அதைத் தின்ன கழுகெல்லாம் சடலத்துக்குப் பக்கத்துலயே விழுந்து கிடந்திருக்கு. மாட்டுக்கு வலி போக போட்ட டைக்லோஃபெனாக் சடலம் வழியா போய் தெற்காசியாவுல பாறுங்களோட (பிணந்தின்னிக் கழுகு) கூட்டத்தையே அழிச்சது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 2006ல கால்நடைக்கு அதை தடை பண்ணினாங்க.

சேவல்கூவி:
பாறு, கழுகு எல்லாம் செத்ததத் தின்னே வாழுதுல்ல, அதுவும் பறவைதானே?

மயில்துத்தம்:
அதுக்காகவே அமைஞ்ச உடம்பு அது. பாறோட வயித்து அமிலம் பிஹெச் 1 கிட்ட இருக்கும், ஏறக்குறைய எதையும் கரைக்கும். அமெரிக்காவுல இருக்கிற டர்க்கி வல்ச்சர்ங்கிற பறவைக்கு பாட்டுலிசம் விஷத்தை நிறைய குடுத்தாலும் தாங்கும்னு சோதிச்சே பாத்திருக்காங்க. கோழி காட்டுல விதையும் பூச்சியும் கிளறித் தின்ன பறவையோட வம்சம். இவ்ளோ தாங்குற பாறே மருந்துல செத்துச்சுன்னா கோழி எம்மாத்திரம்.

இறகுகணக்கு:
நான் வேற பக்கம் வர்றேன். ஆபத்து இருக்கட்டும், இதுல லாபம் எவ்ளோன்னு யாராச்சும் கணக்கு போட்டீங்களா?

முட்டைக்கோழி ஒரு நாளைக்கு சுமாரா 115 கிராம் தீவனம் திங்கும். லேயர் தீவனத்துல (முட்டைக்கோழிக்குன்னே விக்கிறது) 16 சதவீதம் புரோட்டீன்னா 18 கிராம் சொச்சம் கிடைக்குது. அதையே 20 சதவீத தீவனமா மாத்தினா 23 கிராம். வித்தியாசம் நாலரை கிராம். இந்த நாலரைய பச்சைக் கறில எடுக்கணும்னா, கறில முக்காவாசி தண்ணி, புரோட்டீன் சுமார் 20 சதவீதம்தான், அப்ப ஒரு கோழிக்கு தினமும் 20லேர்ந்து 25 கிராம் சுத்தமான சதை வேணும். இறகு முளைச்சு முடிய சாதாரணமா 8லேர்ந்து 12 வாரம் ஆகும். அத்தனை நாளும், அத்தனை கோழிக்கும். தோல் எலும்பு குடல் எல்லாம் கழிச்சா ஒரு முயல்ல எவ்ளோ நிக்கும்? ரெண்டு மூணு நாளைக்கு விருந்து, அப்புறம் பழைய கதை. அதுக்கு தோலுரிச்சு, வேகவச்சு, பாத்திரம் கழுவி, கேஸ் செலவு பண்ணி... லேயர் தீவனத்தை நிறுத்திட்டு குஞ்சுக்கோ வளர் கோழிக்கோ போடுற 20 சதவீத தீவனத்தை போடுங்க, கிளிஞ்சல் தூளை தனியா ஒரு கிண்ணத்துல வச்சிடுங்க. முட்டை போடாதப்ப லேயர் தீவனத்துல இருக்கிற அவ்ளோ கால்சியம் அதுக்கு தேவையும் இல்ல.

அப்புறம் அந்த கறி ருசி கண்டா ஒண்ண ஒண்ணு திங்கும்கிறது. கறி திங்கிறதால அது வராது. எடம் பத்தாம நெருக்கி அடைச்சா வரும், வெளிச்சம் அதிகமானா வரும், செய்ய வேலை இல்லாம சும்மா நின்னா வரும், மெத்தியோனைன்ங்கிற அமினோ அமிலம் குறைஞ்சா வரும். இறகுல கிட்டத்தட்ட 85லேர்ந்து 90 சதவீதம் புரோட்டீன்தான், அதுல கந்தகம் உள்ள அமினோ அமிலம் நிறைய. தீவனத்துல அது பத்தலன்னா பக்கத்து கோழியோட இறகை புடுங்கித் திங்கும். ஆனா ஒண்ணு, புது இறகு முளைக்கிறப்ப குருத்துல ரத்தம் ஓடும், அதை ஒண்ணு கொத்தி ரத்தம் பாத்துட்டா மத்ததெல்லாம் கூடிடும். இப்ப உங்க கூட்டம் அந்த நிலைலதான் இருக்கு, தினம் பாத்துக்கோங்க, காயம் பட்டத உடனே தனியா எடுத்துடுங்க.

முன்னாடி எல்லாரும் கோழிக்கு கறிக்கழிவு, மீன் தூள் போட்டது சும்மா இல்ல. வெறும் தானியமும் சோயாவும் போட்டா குஞ்சு வளரவே வளராது, முட்டை பொரியாது, மாமிசத்துல ஏதோ ஒரு சத்து இருக்குன்னு மட்டும் தெரியும், என்னன்னு தெரியாது. 'விலங்குப் புரோட்டீன் காரணி'ன்னே அதுக்குப் பேர் வச்சிருந்தாங்க. 1948ல பி12 வைட்டமின பிரிச்சு எடுத்தப்புறம்தான் இதுதான் அதுன்னு புரிஞ்சுது. இப்ப தீவனத்துல பி12, மெத்தியோனைன் ரெண்டையும் தனியா கலந்துடறாங்க. அன்னிக்கு செத்த குதிரைய வெட்டிப் போட்டவங்களுக்கு ஒரு அவசியம் இருந்துச்சு, நமக்கு அது இல்ல.

பெட்டைப்பிரியன்:
இவ்ளோ பதில் வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. வேட்டைக்காரர்கிட்ட கேட்டேன், ஈயக் குண்டுதானாம், அதனால அதை வேண்டாம்னு சொல்லிட்டேன். வாளியும் வேண்டாம். இறகுகணக்கு சொன்ன தீவனம் மாத்துறது சுலபமா இருக்கு, அதை பண்றேன். ஆனா அந்த முயல் ஃப்ரீசர்லயே கிடக்கு, நல்லா வேகவச்சு ஒரே ஒரு தடவ போட்டா என்ன? தூக்கிப்போட மனசு வரல. அப்புறம் ரோட்ல செத்த புறா, காக்கா மாதிரி சின்னதுங்க?

கூண்டுக்காரி:
செத்த பறவைய தொடவே தொடாதீங்க, கோழிக்கும் போடாதீங்க, கையாலயும் எடுக்காதீங்க. இதுல எந்த விட்டுக்குடுத்தலும் இல்ல. 2021க்கு அப்புறம் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைங்க வழியா ஏறக்குறைய எல்லா கண்டத்துக்கும் போயிடுச்சு, செத்த பறவையத் தின்ன நரி, பூனை எல்லாம் செத்திருக்கு, கடல்ல வாழ்ற சீல்கூட செத்திருக்கு. புறாவுல வெள்ளைக்கழிச்சல் குடும்பத்து வைரஸ் வேற இருக்கும். கோழிக்கு வர்ற நோய் இன்னொரு பறவைகிட்டதான் அதிகமா இருக்கும், மிருகத்துகிட்ட இல்ல. வேகவச்சா வைரஸ் செத்துடும்தான், ஆனா றெக்கை புடுங்கி குடல் எடுக்கிறப்பவே உங்க கை, செருப்பு, கத்தி வழியா கொட்டாய்க்குள்ள போயிடும்.

முயல் விஷயத்துல எனக்கு கோழியவிட உங்களப் பத்திதான் கவலை. முயல் காய்ச்சல்னு ஒண்ணு இருக்கு, டுலரீமியா. வடக்கு அரைக்கோளத்துல காட்டு முயல்ல வரும். தோலுரிக்கிறப்ப கைல இருக்கிற சின்ன கீறல் வழியா ஏறிடும், ரொம்ப கொஞ்சம் கிருமியே போதும். உறைய வச்ச முயல்ல அது வருஷக்கணக்குல உயிரோட இருக்கும். வேகவச்சா செத்துடும், ஆனா தோலுரிச்சாதானே வேகவைக்க முடியும். அடிபட்டதுல குடல் கிழிஞ்சிருந்தா சதையெல்லாம் வேற நாறியிருக்கும்.

உங்க முயல் எந்த நேரத்துல செத்துச்சுன்னும் தெரியாது. காலைல இல்ல, சாயங்காலம் இருந்துச்சுன்னா அதிகபட்சம் எட்டு ஒம்போது மணி நேரம் வெயில்ல கிடந்திருக்கலாம். நம்ம சாப்பிடுற கறியவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளில வைக்க வேண்டாம், 32 டிகிரிக்கு மேல வெயில்னா ஒரு மணி நேரம்னு சொல்றாங்க.

சேவல்கூவி:
சரி ஒத்துக்கிறேன், ரோட்ல கிடக்கிறது வேண்டாம். ஆனா வீட்ல மிஞ்சின கறி, எலும்பு? அதுவும் கூடாதுன்னு சொன்னா ரொம்ப ஓவர்.

இறகுகணக்கு:
அது கூடாதுன்னு இங்க யாரும் சொல்லலையே. வேகவச்ச, உப்பு மசாலா இல்லாத சதையா இருந்தா எப்பவாவது கொஞ்சம் போடலாம், அரை மணி நேரத்துல தின்னு முடிக்கிற அளவு, மிச்சத்தை எடுத்துடணும். கொழுப்ப கழிச்சுடுங்க, காறிப்போன கொழுப்பு வைட்டமின் ஈய அழிச்சுடும். மீன் போட்டீங்கன்னா, சில பழுப்பு முட்டைக் கோழிக்கு மீன்ல இருந்து வர்ற ட்ரைமெத்திலமைன்ங்கிற நாத்தப் பொருள உடைக்கத் தெரியாது, பிறவிலயே அப்படி, முட்டை மீன் நாத்தம் அடிக்கும்.

ஆனா நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கன்னு பாத்துக்கோங்க. பிரிட்டன்ல வீட்டு சமையல்கட்டு வழியா போன எதையும் கோழிக்கு போடுறது சட்டப்படி குத்தம், நாலே கோழிய செல்லமா வளத்தாலும். 2001ல வந்த கோமாரி நோய், சரியா வேகவைக்காத கழிவ பன்றிக்கு போட்ட ஒரு பண்ணையில ஆரம்பிச்சுதான் நாடு பூரா பரவுச்சு, அந்த அடி இன்னும் மறக்கல. ஐரோப்பிய யூனியனும் அதே வருஷம் பண்ணை மிருகங்களுக்கு பதப்படுத்தின மாமிசப் புரோட்டீன் போடுறத நிறுத்துச்சு, அது மாட்டுப் பைத்திய நோயால (mad cow). 2021லதான் கோழிக்கு பன்றிப் புரோட்டீனும் பூச்சிப் புரோட்டீனும் போடலாம்னு தளர்த்தினாங்க. அடிபட்ட மானை எடுத்துட்டு போறதுக்கே அனுமதி வாங்கணும்ங்கிற எடங்களும் இருக்கு.

புழுவாளி:
கறுப்பு சோல்ஜர் ஈ முட்டை எங்க கிடைக்கும்னு தனி திரி போட்டிருக்கேன், தெரிஞ்சவங்க அங்க வாங்க. வாளிய கழுவி வச்சாச்சு.

பெட்டைப்பிரியன்:
முயலை பையோட எடுத்து புதைச்சிடலாம்னு இருக்கேன். எவ்ளோ ஆழம்? தோட்டத்துல கோழி மேயுற பக்கம் புதைக்கலாமா?

கூண்டுக்காரி:
மேயுற பக்கம் வேண்டாம், கோழி கிளறலன்னாலும் நாய் தோண்டும், தோண்டினா புழு மேல வரும், அப்புறம் இவ்ளோ பேசினதுக்கு அர்த்தமே இல்ல. கெணறு, வாய்க்கால் எல்லாத்துக்கும் தள்ளி, வேலிக்கு வெளில, மேல ரெண்டு அடிக்கு குறையாம மண் வர்ற மாதிரி குழி தோண்டி போட்டு, நல்லா மிதிச்சு மேல ரெண்டு பெரிய கல்ல வச்சிடுங்க. உருக விடாம கட்டியா இருக்கிறப்பவே குழில தள்ளுங்க, பிளாஸ்டிக் பைய மட்டும் உருவிடுங்க, கையுறை போட்டுக்கோங்க, அந்த ஃப்ரீசர் தட்டை ப்ளீச் தண்ணில துடைங்க. வீட்ல சொல்றதா வேண்டாமாங்கிறது உங்க இஷ்டம்.